ஒரே ஒரு பந்துக்குக் கவசம் கட்டிய கேட்ச்சர்: ஜோ மாவர் விடைபெற்ற நாள், ஒரு நிகழ்வு ஆய்வு

2018 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மினியாபொலிஸ் நகரத்தின் டார்கெட் ஃபீல்டு மைதானத்தில் மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணிக்கு அந்தப் பருவத்தின் 162ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம். எதிரே சிகாகோ வைட் சாக்ஸ். இரண்டு அணிக்கும் பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) கதவு எப்போதோ மூடிவிட்டது. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் தொடங்க வேண்டிய நேரத்தில், அன்று முழுக்க முதல் பேஸில் (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் நிறுத்தத்தில்) நின்று ஆடிய 35 வயது ஜோ மாவர், வீரர்கள் அமரும் டக்கவுட்டிலிருந்து வெளியே வந்தார். காலில் முட்டிக்காப்பு, நெஞ்சில் மார்புக் கவசம், கையில் கேட்ச்சர் கையுறை. கேட்ச்சர் என்றால் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொடாத உடுப்பு அது. அரங்கம் எழுந்து நின்றது. எதிரணி டக்கவுட்டும் எழுந்து கைதட்டியது. மாவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிட்ச்சர் (பந்து வீசுபவர்) மாட் பெலைல் ஒரு பந்து வீசினார். பேட்டர் யோவான் மொன்காடா மட்டையை அசைக்கவில்லை. பந்து கையுறைக்குள் போனது. அவ்வளவுதான். மாற்றுக் கேட்ச்சராக கிறிஸ் ஹிமேனெஸ் உள்ளே வர, மாவர் மைதானத்தை விட்டு நடந்தார்.

மொத்தச் சடங்கும் ஒரே பந்து. சொந்த ஊர் நட்சத்திரத்தை வழியனுப்ப அமெரிக்க பேஸ்பாலில் எத்தனையோ வழி உண்டு: பரிசாகக் கார், ஆடும் ஊர்தோறும் பிரியாவிடை, மைதானத்தில் மேடை போட்டு உரை. அவற்றோடு ஒப்பிட்டால் இது கைக்கு அடக்கமான விஷயம். ஆனாலும் இதுவே சரியாக அமைந்தது. தற்செயலாக அமையவில்லை, ஒவ்வொரு தேர்வுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

யார் இவர், ஊருக்கு என்ன உறவு

மாவர் 1983 ஏப்ரல் 19 அன்று செயின்ட் பால் நகரத்தில் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றின் ஒரு கரையில் செயின்ட் பால், மறுபக்கம் மினியாபொலிஸ். இந்த இரட்டை நகரங்களை வைத்துத்தான் அணிக்கே 'ட்வின்ஸ்' என்று பெயர். படித்தது அங்கேயே கிரெட்டின்-டெர்ஹம் ஹால் உயர்நிலைப் பள்ளியில். நான்கு ஆண்டுப் பள்ளி பேஸ்பாலில் ஒரே ஒரு முறைதான் ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் அவுட்) ஆனார் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அமெரிக்கக் கால்பந்திலும் நாட்டின் முன்னணிப் பள்ளி வீரர். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அவருக்காகக் காத்திருந்தது. 2001 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் தேர்வு வாய்ப்பு ட்வின்ஸ் கையில் இருந்தது. அப்போது எல்லோரும் பேசிய பெயர் கல்லூரிப் பிட்ச்சர் மார்க் பிரையர். அவரை விட்டுவிட்டு உள்ளூர்ப் பையனை எடுத்தார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அன்று பலர் முணுமுணுத்தார்கள்.

2004இல் முதன்மை லீகுக்கு வந்தார். 2006இல் .347, 2008இல் .328, 2009இல் .365 சராசரியோடு மூன்று முறை அமெரிக்கன் லீக் (முதன்மை லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) பேட்டிங் பட்டம், அதாவது பருவத்தின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு உரிய பட்டம். அவருக்கு முன் அந்த லீகில் எந்த கேட்ச்சரும் ஒரு முறைகூட அந்தப் பட்டத்தை வென்றதில்லை. கிரிக்கெட் பழகிய வாசகருக்கு ஒரு வார்த்தை: கேட்ச்சர் என்பது விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், எந்தப் பந்து வீசுவது என்று சைகை காட்டும் வேலையும் அவருடையது. முழங்காலும் தலையும் தேய்ந்துபோகும் அந்த இடத்தில் நின்றுகொண்டு பேட்டிங் பட்டம் வாங்குவது அபூர்வம். 2009இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் கிடைத்தது.

2010 மார்ச்சில் எட்டு ஆண்டுகளுக்கு 184 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அது 2011இல் தொடங்கி 2018இல் முடியும். இந்த முடியும் தேதி முக்கியம். கடைசி நாளின் சிக்கல் முழுதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒப்பந்தம் போட்ட பிறகு உறவு கசந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் கால் பலவீனத்தால் நீண்ட காலம் ஆடவில்லை. அணியும் தொடர்ந்து தோற்றது. 2013 ஆகஸ்ட் 19 அன்று நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஃபவுல் டிப் ஒன்று முகக்கவசத்தில் மோதி மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. ஃபவுல் டிப் என்பது பேட்டரின் மட்டையில் லேசாக உரசி நேராகப் பின்னால் வரும் பந்து. மட்டைக்கும் கேட்ச்சருக்கும் இடையே உள்ள தூரத்தில் தலையை விலக்க நேரமே கிடையாது. அந்த நவம்பரில் அறிவித்தார்கள்: இனி மாவர் முதல் பேஸ் வீரர்.

முதல் பேஸ் என்றால் ரசிகர்கள் ஹோம் ரன்களை (சிக்ஸர் மாதிரி வேலி தாண்டும் அடிகளை) எதிர்பார்ப்பார்கள். மாவர் அப்படிப்பட்ட பேட்டர் அல்லர். ஆட்டவாழ்வு முழுக்க அடித்தது 143 ஹோம் ரன்தான். "ஆண்டுக்கு 23 மில்லியன் வாங்கிக்கொண்டு ஒரு பேஸ் தூர ஒற்றை அடியா?" என்ற எரிச்சல் உள்ளூரிலேயே எழுந்தது. வெளியூர்க்காரனிடம் காட்டாத கோபத்தை நம் வீட்டுப் பிள்ளையிடம்தான் காட்டுவோம், அந்த வகைக் கோபம்.

ஆக, 2018 செப்டம்பரில் அணியின் முன் இருந்தது நேரான பாராட்டு விழா அல்ல. முதலாவது, கேட்ச்சர் மாவருக்கு யாரும் விடைகொடுக்கவே இல்லை. 2013இல் ஒரு நாள் ஆடினார், மறுநாள் தலைசுற்றல், அதோடு முடிந்தது. இரண்டாவது, ஊருக்கும் அவருக்கும் இடையே ஒரு மனத்தாங்கல் இருந்தது. மூன்றாவதுதான் பெரிய தலைவலி: ஓய்வு பெறுகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை.

சொல்லாத ஓய்வுக்கு எப்படி விழா எடுப்பது

வீரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அணி நிர்வாகத்துக்கு வேலை எளிது. நாள் குறிக்கலாம், டிக்கெட் விற்கலாம், பழைய சகாக்களை வரவழைக்கலாம். மாவர் அந்த வாசலைத் திறக்கவில்லை. பருவம் முடிந்தபின் குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பதாகத்தான் இருந்தார். அந்த மே மாதத்தில் ஒரு ஃபவுல் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்ததில் மூளை அதிர்ச்சி அறிகுறிகள் திரும்பியிருந்தன. சுமார் ஒரு மாதம் ஆடவில்லை. அதனால் போவார் என்று எல்லோருக்கும் ஓர் உள்ளுணர்வு. உறுதி யாரிடமும் இல்லை.

இப்படிப்பட்ட நிலையில் செய்யக்கூடாதது, 'பிரியாவிடை' என்று பெயர் போட்ட எதையும் நடத்துவது. வீரர் மனம் மாறி அடுத்த ஆண்டு வந்து நின்றால் விழா கேலிக்கூத்தாகும். அதைவிட மோசம், விழாவே அவரை வெளியே தள்ளியதுபோல் ஆகிவிடும். ஒப்பந்தம் முடிகிற ஆண்டு என்பதால் இந்தச் சந்தேகத்துக்கு நிறையவே இடம் இருந்தது: அணிக்கு வேண்டாம் போலிருக்கிறது, அதான் மாலை போட்டு அனுப்புகிறார்கள் என்று பேச்சு வந்துவிடும்.

எதுவுமே செய்யாமல் விடுவதும் தவறு. இதே அணியின் கதையே சாட்சி. கென்ட் ஹர்பெக், மினியாபொலிஸில் பிறந்து பக்கத்து ப்ளூமிங்டனில் வளர்ந்தவர், 1987, 1991 இரண்டு உலகத் தொடர் (பருவத்தின் இறுதிப்போட்டி) வெற்றிகளிலும் முதல் பேஸில் நின்றவர். 1994 ஆகஸ்ட் தொடக்கத்தில், பருவம் முடிந்ததும் ஓய்வு என்று அறிவித்தார். எல்லோரும் செப்டம்பருக்காகக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. பருவம் அங்கேயே நின்றது, உலகத் தொடரும் ரத்து. ஹர்பெக்குக்குக் கடைசி ஆட்டம் என்று தெரிந்து ஆடிய கடைசி ஆட்டம் கிடைக்கவேயில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய 14ஆம் சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுத்து (இனி அணியில் வேறு யாரும் அதை அணிய முடியாது) ஊர் கடனைத் தீர்த்துக்கொண்டது. கிர்பி பக்கெட் நிலை இன்னும் கொடியது: 1995 செப்டம்பர் 28 அன்று முகத்தில் பந்து பட்டு வெளியேறினார், அடுத்த வசந்தத்தில் கண் அழுத்த நோயால் ஒரு கண்ணின் பார்வை மங்கியது, 1996 ஜூலையில் ஓய்வு. அந்தச் செப்டம்பர் நாளே கடைசி என்று அரங்கில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

அறிவிக்காத வீரருக்கு ஏற்ற ஒரே உபாயம்: ஆட்டத்துக்குள்ளேயே, ஆட்ட விதிக்கு உட்பட்டு, பெயர் சூட்டாமல் ஒரு மரியாதை. ஓய்வு பெற்றால் அது பிரியாவிடையாக நினைவில் நிற்கும். பெறாவிட்டால் ஓர் இனிய நிகழ்வாக மிஞ்சும். இரண்டு முடிவுக்கும் பொருந்தும்படி அமைத்ததுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம்.

ஏன் ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதி

பேஸ்பாலில் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மேல்பாதியில் விருந்தாளி அணி பேட் செய்யும், கீழ்பாதியில் சொந்த அணி. எட்டு இன்னிங்ஸ் முடிவில் சொந்த அணி முன்னிலையில் இருந்தாலும் பின்தங்கி இருந்தாலும் ஒன்பதாவதின் மேல்பாதி கட்டாயம் நடக்கும். மழை வந்து ஆட்டத்தைச் சுருக்கினால் தவிர அதற்குத் தடை இல்லை. கீழ்பாதிக்கு அந்த உறுதி கிடையாது. சொந்த அணி முன்னிலையில் இருந்தால் அது நடக்கவே நடக்காது.

சொந்த ஊர் வீரரின் கடைசிக் கணத்தைப் பேட்டிங்கில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கேல் ரிப்கென் உதாரணம். மேரிலாந்தின் ஆபர்டீனில் வளர்ந்து, 21 ஆண்டுகளும் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கே ஆடியவர். 2001 ஜூனிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார். அட்டவணைப்படி கடைசி ஆட்டம் நியூயார்க்கில். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தள்ளிவைத்த ஆட்டங்கள் பருவத்தின் இறுதிக்குப் போனதால், முடிவு பால்டிமோருக்கே வந்து சேர்ந்தது. அக்டோபர் 6 அன்று ஒன்பதாவதின் கீழ்பாதி, இரண்டு அவுட். பேட் செய்தவர் பிரேடி ஆண்டர்சன். அடுத்து இறங்க வேண்டிய ரிப்கென் ஆன்-டெக் வட்டத்தில் மட்டையோடு நிற்கிறார், அரங்கம் அவர் பெயரைச் சொல்கிறது. ஆண்டர்சன் ஸ்ட்ரைக்அவுட். ஆட்டம் முடிந்தது. வட்டத்தில் நின்றபடியே முடிந்தது 3,001 ஆட்டங்களின் கதை. பிறகு விழா நடந்தது, உரை நடந்தது, எல்லாம் சிறப்பு. ஆனால் அந்தக் கடைசி மட்டையடியை யாராலும் ஏற்பாடு செய்ய முடியவில்லை. பேட்டிங் வரிசை யாருக்கும் காத்திருக்காது.

தடுப்பாட்டத்தில் வைத்தால் இந்த ஆபத்து இல்லை. இது பழைய உத்திதான். 1960 செப்டம்பர் 28 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் டெட் வில்லியம்ஸ் தம் கடைசி மட்டைவாய்ப்பில் 521ஆவது ஹோம் ரன் அடித்தார். மேனேஜர், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர், ஒன்பதாவதில் அவரை மறுபடி இடது வெளிக்களத்துக்கு அனுப்பி, உடனே மாற்று வீரரை இறக்கினார். தனியாக ஓடி உள்ளே வரட்டும், கைதட்டு அவருக்கு மட்டும் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். (வில்லியம்ஸ் அப்போதும் தொப்பியைத் தொட்டு வணங்கவில்லை. அவர் அப்படித்தான்.) மாவர் விஷயத்தில் அந்த உத்தியைத் திருப்பிப் போட்டார்கள். வெளியே எடுப்பதற்கு முன், அவர் இழந்த இடத்துக்குள் ஒரு முறை அனுப்பினார்கள்.

நடைமுறையில் என்னென்ன ஒத்துவர வேண்டும்

வெளியிலிருந்து பார்த்தால் 'கவசம் கட்டி அனுப்பினார்கள்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். உள்ளே பல கணக்கு இருக்கிறது.

பேஸ்பாலில் ஒருமுறை ஆட்டத்தை விட்டு வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. ஆனால் பந்து ஆட்டத்தில் இல்லாத எந்த நேரத்திலும் மாற்று வீரரை இறக்கலாம், ஒரு பேட்டரின் முறை நடந்துகொண்டிருக்கும்போதே கூட. இந்த இரண்டாவது விதிதான் ஒரே பந்துக்குப் பின் கேட்ச்சரை மாற்ற இடம் கொடுத்தது. களத்தில் நிற்கும் ஒருவர் வேறு இடத்துக்கு மாறுவதற்கும் தடையில்லை. முதல் பேஸிலிருந்து பிளேட்டுக்குப் பின்னால் போகலாம். ஆனால் முதல் பேஸை யாராவது நிரப்ப வேண்டும், அதுவரை கேட்ச் செய்தவரை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும், மாவர் போன பிறகு உட்கார இன்னொரு கேட்ச்சர் கைவசம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றம் என்றால் யார் பேட்டிங் வரிசையில் எந்த இடம் என்பதை மேனேஜர் பிளேட் அம்பயரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே தவறினால் வரிசை குழம்பி, உணர்ச்சிகரமான தருணம் விதிப்புத்தகத்தைப் புரட்டும் தருணமாகிவிடும்.

இதில் நாட்காட்டியும் உதவியது. அப்போது செப்டம்பர் 1 முதல் அணிப்பட்டியலை 40 பேர் வரை விரிக்கலாம் என்ற விதி நடப்பில் இருந்தது. அதனால் பெஞ்சில் ஆள் பஞ்சம் இல்லை. 2020 முதல் அந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. இன்று இதே ஏற்பாட்டைச் செய்ய நினைத்தால் கூடுதல் கேட்ச்சருக்கு முன்னமே இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: மாவர் அன்று டிஎச் ஆக, அதாவது பேட்டிங்குக்கு மட்டும் இருந்திருந்தால், அவரைக் களத்தில் இறக்கியவுடன் அணி டிஎச் வசதியை இழந்திருக்கும். முதல் பேஸில் தொடங்கியது இந்தச் சிக்கலையும் தவிர்த்தது.

கவசம் கட்டுவதற்கு நேரம் வேண்டும். முட்டிக்காப்பில் வலம் இடம் வேறு, ஒவ்வொன்றிலும் பின்னால் மாட்டும் பட்டைகள்; மார்புக் கவசத்துக்கு முதுகுப் பட்டையை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்; பழகாத கையுறை என்றால் தோல் விறைப்பாக இருக்கும், பந்து உள்ளே போய்த் தெறித்து வெளியே வரும். இன்னிங்ஸ் இடைவெளி சுமார் இரண்டு நிமிடம்தான். ஆகவே எட்டாவதின் கீழ்பாதியில், சொந்த அணி பேட் செய்யும்போது உள்ளே போய் மாட்டிக்கொள்வதே வசதி. அதற்கு அவருடைய பேட்டிங் முறை எட்டாவதில் வராமல் இருக்க வேண்டும். மாவர் ஏழாவதில் பேட் செய்து முடித்திருந்தார். அந்த முறை அவர் என்ன செய்தார் தெரியுமா? இடது பக்கமாக அடித்துவிட்டு, ஒற்றையோடு நிற்காமல் இரண்டாம் பேஸுக்கு ஓடி டபுளாக்கினார். அவருடைய 2,123ஆவது, கடைசி ஹிட். வாழ்நாள் முழுக்க இடப்பக்கமாகவே தட்டித் தட்டி 428 டபுள் சேர்த்த இடக்கைப் பேட்டருக்கு அதைவிடப் பொருத்தமான கையெழுத்து இல்லை.

எதிரணியின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. காரணம் மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பு. 2013இல் அவரைச் சாய்த்தது ஃபவுல் டிப். மொன்காடா அந்தப் பந்தை அடிக்க முயன்று மட்டை உரசியிருந்தால், மரியாதை செய்யப் போன இடத்திலேயே அதே விபத்து மறுபடி நிகழலாம். மூளை அதிர்ச்சி வரலாறு உள்ளவருக்கு இரண்டாவது மூன்றாவது அடி முதல் அடியைப் போல இருக்காது. பேட்டர் மட்டையைத் தோளிலேயே வைத்திருப்பது இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. அன்று பேட் செய்த மொன்காடா அந்த ஆண்டு 217 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகி லீகிலேயே முதலிடத்தில் இருந்த இளைஞர். தம் கணக்கில் ஒரு பந்தை விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் வைட் சாக்ஸ் அன்று தோற்றால் பருவத்தின் நூறாவது தோல்வி. அந்த எண்ணை எந்த அணியும் விரும்பாது. ஆட்டம் 5-4 என்று ட்வின்ஸ் பக்கம் முடிந்தது. சிகாகோ 62-100 என்று (62 வெற்றி, 100 தோல்வி) ஊர் திரும்பியது. அந்த நெருக்கத்திலும் எழுந்து நின்று கைதட்டியவர்களை இந்த ஆய்வில் குறிக்காமல் விட்டால் கணக்கு சரியாகாது.

ஆட்டத்தின் நேர்மை பற்றிய கேள்வி இங்கே எழும். அதற்கும் இதே மைதானத்தில் ஒரு முன்கதை உண்டு. 2014 ஜூலை 15 அன்று டார்கெட் ஃபீல்டில் ஆல்-ஸ்டார் ஆட்டம், அதாவது இரண்டு லீகின் நட்சத்திர வீரர்களும் மோதும் ஆட்டம். அந்த ஆண்டோடு ஓய்வு பெறவிருந்த டெரெக் ஜீட்டர் முதல் பேட்டராக வந்து டபுள் அடித்தார். பிட்ச்சர் ஆடம் வெய்ன்ரைட் அவருக்கு அடிக்க வசதியாக இரண்டு பந்து போட்டதாகச் சொல்லப்போய், சர்ச்சை வெடித்து, பின்னர் விளையாட்டாகச் சொன்னேன் என்று விளக்க வேண்டியதாயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜீட்டருக்கு நடந்ததாகச் சொன்னது ஒரு முடிவைப் பரிசளிப்பது. அடித்த டபுளின் மதிப்பையே அது குறைத்துவிடுகிறது. மாவருக்குக் கிடைத்தது முடிவல்ல, ஓர் இடம். ஒரு பந்தைப் பிடிக்கும் இடம். அவர் கணக்கில் ஹிட்டோ ரன்னோ கூடவில்லை. மரியாதை செய்கிறோம் என்று புள்ளிவிவரத்தைத் தூக்கிக் கொடுத்தால் வீரருக்கே அது உறுத்தும்.

இருவரும் ஒரே பள்ளி

மேனேஜராக இருந்தவர் பால் மாலிட்டர் என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. அவரும் செயின்ட் பால்காரர், படித்தது அதே பள்ளி மரபில், அப்போது கிரெட்டின் என்று மட்டும் பெயர். வெளியூர்களில் பெயர் வாங்கிவிட்டு, கடைசிக் காலத்தில் ட்வின்ஸுக்கு வந்து, 1996இல் அந்தச் சட்டையில் 3,000ஆவது ஹிட்டை அடித்தவர். அதே ஊரின் டேவ் வின்ஃபீல்டும் 1993இல் ட்வின்ஸ் சட்டையில்தான் 3,000ஐத் தொட்டார். இரண்டுமே செப்டம்பர் 16. வீடு திரும்பி முடிப்பது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்ட பாதை. மாவர் மட்டும் வெளியே போகவே இல்லை. 15 பருவமும் ஒரே அணி. அந்த ஆட்டம் முடிந்து இரண்டே நாளில், அக்டோபர் 2 அன்று, மாலிட்டரை அணி பதவியிலிருந்து நீக்கியது. 78-84 என்ற பருவத்தின் விலை. மாவரை உள்ளே அனுப்பியதும் வெளியே அழைத்ததும் அவர் மேனேஜராகச் செய்த கடைசிக் காரியங்களில் சேர்ந்துவிட்டன.

ஆட்டத்தின் தொடக்கத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாவர் முதல் பேஸுக்குப் போனபோது அவருடைய ஐந்து வயது இரட்டைப் பெண் குழந்தைகள் மைதானத்துக்குள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். இதில் ஓர் ஆபத்து இருந்தது. உணர்ச்சி உச்சம் முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டால் மிச்ச எட்டு இன்னிங்ஸும் சப்பென்று போகலாம். அப்படிப் போகாததற்குக் காரணம், ஒன்பதாவதின் ஏற்பாடு கூட்டத்துக்குத் தெரியாது. தொடக்கத்தில் தந்தை, ஏழாவதில் பேட்டர், ஒன்பதாவதில் கேட்ச்சர் என்று மூன்றும் வேறு வேறாக விழுந்தன. முதலும் கடைசியும் ஏற்பாடு; நடுவில் உள்ள டபுள் அவர் தாமே சம்பாதித்தது.

அதற்குப் பிறகு

நவம்பர் 9 அன்று ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தின் வழியே ஓய்வை அறிவித்தார். உடல்நலமும் குடும்பமும் காரணம், மறுபடி அடிபடும் அபாயத்தை எடுக்க மனமில்லை என்பது அதன் சாரம். அறிவிப்பு வந்தபோது விழா ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது, அதுவும் யாரும் அதை விழா என்று அழைக்காமலே.

டிசம்பர் 18 அன்று 7ஆம் எண்ணுக்கு ஓய்வு என்று அணி அறிவித்தது. ஓர் எண்ணை நிறுத்த லீகின் அனுமதி எதுவும் தேவையில்லை. அணியே முடிவு செய்யலாம். எல்லா அணிக்கும் பொதுவாக நிறுத்தியது ஜாக்கி ராபின்சனின் 42 மட்டும். ட்வின்ஸ் இதில் கை இறுக்கம்: மாவருக்கு முன் கிலப்ரூ 3, ஒலீவா 6, டாம் கெல்லி 10, ஹர்பெக் 14, பிளைலெவன் 28, கேரூ 29, பக்கெட் 34 என ஏழு பேர்தான். டார்கெட் ஃபீல்டின் வாயில்களுக்கே 3, 6, 14, 29, 34 என்று இவர்களின் எண்கள்தான் பெயர். டிக்கெட்டில் வாயில் எண்ணைப் பார்க்கிற ரசிகர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பழைய வீரரின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்.

எண் விழா 2019 ஜூன் 15, சனிக்கிழமை, கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஆட்டத்துக்கு முன். ஏப்ரலில் வைத்திருந்தால் மினசோட்டா குளிரில் பாதி நாற்காலி காலியாக இருந்திருக்கும். கூரையில்லாத மைதானம் அது. பள்ளி விடுமுறை, வார இறுதி, இளவெயில் என்று ஜூன் நடுவைப் பிடித்தது சரியான கணக்கு. ஆறு மாத இடைவெளி பழைய சகாக்கள் பயணத்தைத் திட்டமிடவும் போதும். உரைகள், பரிசுகள், காணொளி எல்லாம் இந்த நாளில் வந்தன, வர வேண்டிய இடத்தில் வந்தன. இவற்றை செப்டம்பர் 30இல் திணித்திருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

பேஸ்பாலின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஐந்து ஆண்டு காத்திருப்பு. 2024 ஜனவரியில் முதல் முறையாக வாக்குச்சீட்டில் பெயர் வந்தது. பதிவான 385 வாக்கில் 289 வேண்டும், கிடைத்தது 293. நான்கே வாக்கு அதிகம். வாதம் முழுக்க ஒரே புள்ளியில் சுற்றியது: இவரைக் கேட்ச்சராகக் கொள்வதா, முதல் பேஸ் வீரராகக் கொள்வதா? முதல் பேஸ் வீரராகப் பார்த்தால் எண்கள் போதாது. கேட்ச்சராகப் பார்த்தால் அவருக்கு இணை சிலரே. அந்த ஜூலை 21 அன்று ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஏட்ரியன் பெல்ட்ரே, டாட் ஹெல்டன், ஜிம் லேலண்டோடு சேர்ந்து அவருக்கும் பட்டயம் ஏறியது. வின்ஃபீல்ட், மாலிட்டர், ஜாக் மோரிஸுக்கு அடுத்து செயின்ட் பாலிலிருந்து நான்காவது ஆள்.

கேட்ச்சராக அவர் ஆடிய ஆட்டங்கள் 2013 முடிவில் 920. 2014, 2015, 2016, 2017 ஆண்டுகளுக்கு நேரே அந்தக் கணக்கில் சுழியம். 2018க்கு நேரே 1. மொத்தம் 921.